மேட்டிலும் வளைவிலும் முந்துதல்

சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து நாகல் நகருக்கு வைக்கோற் பாரம் ஏற்றிவரும் டிராக்டர், சாலை மேட்டில் ஊர்ந்தே ஏறும். பின்வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கோ பொறுமை இராது. டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டரும் அவர் 40 கிலோமீட்டரும் சென்றால், டிரெய்லரைக் கடந்து இடப்புறம் சேரச் சுமார் 5 வினாடி ஆகும். அதற்குள் அவர் 55 மீட்டரும், 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்வரும் பேருந்து 83 மீட்டரும் ஓடிவிடும். ஆகவே, ஏறத்தாழ 140 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். மேட்டிலும் வளைவிலும் அவ்வளவு தெரியாது. அங்கே நடுவில் இடைவெளியற்ற கோடு இடுவது இதனாலேயே.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விதிக்கு மாறாக முந்துவதையும் அபாயகரமாக ஓட்டுதலில் சேர்த்துள்ளது; முதற் குற்றத்திற்கே 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆயினும், எல்லா மேட்டிலும் காவலர் நிற்பதில்லை. டிராக்டர் ஓட்டும் விவசாயிகள் அகலமான இடம் கண்டதும் ஒதுங்கி வழிவிடலாம். வளைவுகளில் பார்வையை மறைக்கும் சீமைக்கருவேலை அகற்றுதல் ஊராட்சியினர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.