எதிரில் இருப்பவரைக் கேளுங்கள்

முதல் பட வாய்ப்பு எனக்கு ஓர் அம்மா வேடத்தில் வந்தது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகனை அதட்டும் காட்சியை ஆடிஷனில் கொடுத்தார்கள். மகனின் வசனத்தை ஓர் உதவி இயக்குநர் தாளைப் பார்த்து உணர்ச்சியே இல்லாமல் படித்தார். நடுவில் ஒரு சொல்லில் தடுமாறினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "முழுங்காம சொல்லுடா" என்று தானாக வாயில் வந்துவிட்டது. தாளில் அந்த வரி கிடையாது. மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநர் நிமிர்ந்தார். "அதையே கோபமில்லாமப் பண்ணுங்கம்மா" என்றார்.

ஆடிஷனின் உண்மையான பரீட்சை அந்த இரண்டாவது தடவைதான். சொன்ன மாற்றத்தை நீங்கள் உடனே வாங்கிக்கொள்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். வசனத்தை ஒரே ராகத்தில் மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கு அங்கேதான் சிக்கல். அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். தொனியை அங்கே தீர்மானிக்கலாம். எதிரில் இருப்பவரைக் கேட்கும் பழக்கம் எனக்கு நாடக மேடை தந்தது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதியும் கலைராணியும் சினிமாவுக்கு வந்ததை எண்ணிப் பாருங்கள். ஊரில் சிறிய நாடகக் குழு இருந்தாலும் போய்ச் சேருங்கள்.

"இந்த வயசுல அம்மாவா? அப்புறம் அதுவேதான் வரும்" என்று பலர் பயமுறுத்தினார்கள். 2015இல் வெளியான 'காக்கா முட்டை'யில் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக வந்த ஐஸ்வர்யா ராஜேஷ், 2018இல் 'கனா'வில் கிரிக்கெட் ஆடும் மகளாக நடித்தார். வேடத்தில் உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் அம்மா வேடத்தில் அது இருந்தது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

இப்போது பெரும்பாலும் முதலில் செல்போன் வீடியோதான் கேட்கிறார்கள். சன்னலைப் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும். பின்னால் வெறும் சுவர் போதும். ஃபில்டர் வேண்டாம். வசனம் படிக்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வானதும் எத்தனை நாள் கால்ஷீட், சம்பளம் எப்போது, டப்பிங் உங்கள் குரலிலா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். என் குரலில்தான் பேசுவேன் என்று நான் கேட்டு வாங்கினேன். அந்த அம்மாவின் பாதி உயிர் குரலில்தான் இருந்தது.

வேடம் தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம் என்று எவர் கேட்டாலும், ராத்திரியில் தனியாக வரச் சொன்னாலும், எவ்வளவு பெரிய படமென்றாலும் போகாதீர்கள், தங்கைகளே.