மாப்பிள்ளை வீட்டு இளைப்பு

கேள்வி: என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். ஏழு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான்; இப்போது இளைப்பும் சேர்ந்துகொண்டது. ஐந்து மாதக் கைக்குழந்தைக்கும் கன்னம் சிவந்து சொரசொரப்பாக இருக்கிறது. “மாப்பிள்ளை வீட்டு வியாதி” என்கிறார் என் அம்மா. “மண்ணுல புரள விட்டிருந்தா வந்திருக்காது” என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது அலர்ஜிக்குச் சட்டென்று இடங்கொடுக்கும் உடல்வாகு. தோலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தோலைக் கெட்டியாக வைத்து, ஈரம் போகாமல் காக்கும் ‘ஃபிலாக்ரின்’ என்ற புரதம் உண்டு. அதற்கான மரபணு பழுதானால் கரப்பான் வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடும் என்று 2006-இல் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் குழு கண்டறிந்தது. பழுது இருந்தும் கரப்பானே வராமல் வளர்கிறவர்களும் நிறைய.

பிரிட்டனில் வீட்டுத் தூசியைச் சேகரித்துப் பார்த்தார்கள். அதில் வேர்க்கடலைப் புரதம் கூடக்கூட, இந்தப் பழுதுள்ள பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி கூடியது. மற்றப் பிள்ளைகளை அதே தூசி ஒன்றும் செய்யவில்லை. தோல் வழியே நுழைந்த உணவை உடல் எதிரியாக எண்ணிவிடுகிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச்சோப்பைப் பூசிய 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜியே வந்துவிட்டது! வாய் வழியே போனால் கதை வேறு. 2015-இல் வெளியான லண்டன் ஆய்வில், கரப்பான் கடுமையாக இருந்த அல்லது முட்டை அலர்ஜி இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கடலை கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு விலக்கினார்கள். ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்டவர்களிடம் கடலை அலர்ஜி ஏறக்குறைய 80 சதவீதம் குறைவு.

இனி மாமியார் கட்சி. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, மரபணுவிலும் நெருக்கம். ஆமிஷ்காரர்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். வீட்டை ஒட்டியே தொழுவம், பிள்ளைகள் அதற்குள்தான் ஓடியாடுகிறார்கள். ஹட்டரைட்டுகளுக்கு எந்திரப் பண்ணை, அதுவும் வீட்டிலிருந்து தள்ளி. 2016-இல் வந்த ஆய்வின்படி, ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21. தொழுவத்துத் தூசியிலுள்ள நுண்ணுயிரிகள் சிசுப் பருவத்திலேயே எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகின்றன. அதற்காக, ஏற்கெனவே இளைக்கிற ஏழு வயதுப் பெண்ணை இப்போது புழுதியில் இறக்கிவிடாதீர்கள். மாமியார் சொல்லும் மண்ணும் பஸ் கிளப்பும் ரோட்டுப் புழுதியும் ஒன்றல்ல.

மூத்தவளுக்கு இன்ஹேலரைப் பற்றிய பயம் வேண்டாம். டாக்டர் சொன்னபடி கொடுங்கள். சின்னதற்குக் குளிப்பாட்டிய ஈரம் காயுமுன் மாய்ச்சரைசர் தடவுங்கள். வெடித்த தோலில் பயத்தமாவு, கடலைமாவு தேய்ப்பது வேண்டாம்; காரணம் மேலே சொன்னதுதான். குழந்தையை இப்போதே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் சரி என்றால், ஆறாம் மாதம் கூழ் ஆரம்பிக்கும்போது நன்றாக அரைத்த வேர்க்கடலையைத் துளித் துளியாகச் சேர்க்கலாம். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், கூடவே கூடாது.

தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி போடுகிற வீடாக இருந்தால், அந்தப் புகையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கொசுவர்த்தியையும்தான்.