“ஒரே நம்பர்ல போச்சு!”

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. லாரி ஓட்டுகிறார். அடிக்கடி பாலக்காட்டுக்கு லோடு இருக்கும். வாளையார் தாண்டினால் ஒரு கேரளா லாட்டரி வாங்குவார். இப்போது கடைசி நான்கு எண் ஒன்றாக இருக்கும் சீட்டுகளை ‘செட்’டாக வாங்குகிறார். மதியம் 3 மணிக்கு மேல் ரிசல்ட் பார்த்துவிட்டு, “ஒரே நம்பர்ல போச்சு” என்று புலம்புகிறார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. கேட்டால் டயர் மாற்றினேன் என்றார்; மாற்றவில்லை. “கவர்மென்ட் நடத்துறதுதானே, என்ன தப்பு?” என்கிறார். இது நோயா, டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: லாட்டரிக்குத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை வந்துவிட்டது, கேரளத்தில் அரசே நடத்துகிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகாது. மதுவும் அப்படித்தானே? கைமீறிய சூதாட்டத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

முதலில் இரண்டு கேள்விகள் கேட்போம். போடும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றுகிறதா? எவ்வளவு போட்டோம் என்பதை மறைத்து வீட்டில் பொய் சொன்னதுண்டா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அப்பா விஷயத்தில் இரண்டுமே இருக்கின்றன.

நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. 4371 விழுந்து கையில் 4372 இருந்தால், பக்கத்தில் வந்துவிட்டோம் என்று மனசு நம்பும். உண்மையில் அதுவும் மற்ற எண்களைப் போலத் தோற்ற சீட்டுதான். நாளைய குலுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விட்டதைப் பிடிக்கக் கிளம்பும்போதுதான் கடன் ஏறுகிறது. கைச்செலவுக் காசில் எப்போதாவது ஒரு சீட்டு, போனால் போகட்டும் என்றிருந்தால் பொழுதுபோக்கு. அடகு வைத்து வாங்குவது அப்படியல்ல.

நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில், கடன் மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். உடனே பணம் புரட்டி அடைத்துவிடாதீர்கள். அது அடுத்த செட்டுக்கு வழிவிடும். அவர் சம்மதத்தோடு ஏடிஎம் கார்டும் நகையும் அம்மாவிடம் இருக்கட்டும்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. “நான் போய்ச் சேர்ந்தா எல்லாம் சரியாகிடும்” என்பதுபோல அவர் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அவர் வர மறுத்தால் நீங்களும் அம்மாவும் முதலில் வாருங்கள். இன்னொரு நகை போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.