கடல் கடந்த முதுமைக்குச் சில யோசனைகள்

பெற்ற மக்கள் அயல்நாடுகளில் நிலைபெற்றுவிட்ட குடும்பங்களில், தாய் தந்தையர் தங்கள் விருத்தாப்பிய காலத்தை எங்கே கழிப்பது என்ற கேள்வி என்றேனும் ஒரு நாள் எழுந்தே தீரும். அதற்கு விடை தேடப் புகுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் விசாவைப் பற்றி விசாரிக்கிறார்கள்; பிறகு விமானச் சீட்டின் விலையை விசாரிக்கிறார்கள்; பெட்டி கட்டும் தறுவாயிலேதான் மருத்துவக் காப்பீட்டின் நினைவு அவர்களுக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நானும் என் மனைவியும் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாதக்கணக்கில் வாழ்ந்து கண்ட அனுபவத்தின் சாரம். எங்கள் ஏற்காட்டு மலையில் காப்பி பயிரிடுகிறவர்கள் முதலில் நிழல் மரத்தை வளர்த்துக்கொண்டு, அதன் பிறகே நாற்றை நடுவார்கள். முதியோரின் அயல்நாட்டு வாசத்துக்குக் காப்பீடு அத்தகைய நிழல்.

நான் ஏற்காட்டில் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். காப்பியும் மிளகுமாக ஒரு சிறு தோட்டம் உண்டு. மனைவிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மகன் அமெரிக்கப் பிரஜையாகிவிட்டான். மகள் கனடாவில் குடியேறியிருக்கிறாள். இங்கே அரசாங்க மருத்துவமனை ஒன்று இருக்கிறது என்றாலும், இருதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து நேர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கீழே இறங்கிச் சேலத்தை அடைந்தால்தான் உயர்ந்த சிகிச்சை கிடைக்கும். இரவு நேரத்தில், மூடுபனியில், வயதான இருவர் தனியே அந்தப் பாதையில் இறங்குவதை எண்ணிப் பிள்ளைகள் அஞ்சுவது நியாயமானதே. ஆனால் மருத்துவமனை அருகில் இருப்பது ஒன்று, அதன் வாசலை மிதிக்கும் சக்தி நம்மிடம் இருப்பது வேறொன்று. முன்னதை மட்டும் பார்த்துப் புறப்படுகிறவர்கள் பின்னதை அந்நிய மண்ணில், நோயோடு நோயாகக் கற்க நேரிடுகிறது.

பெரும்பாலோர் முதலில் நாடுவது அமெரிக்காவின் விசிட்டர் விசா. இந்தியர்களுக்கு இது சாதாரணமாகப் பத்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. பத்து ஆண்டுகள் என்பது அந்நாட்டின் வாசலுக்குப் போய் நிற்பதற்கான அனுமதியே அன்றி, அங்கே தங்குவதற்கான காலமன்று. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரி தீர்மானிக்கிறார். அது வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்னும் பதிவில் இருக்கும். இறங்கிய வாரத்திலேயே பிள்ளையைக் கொண்டு அதை இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுவது உத்தமம். மேலும், இந்த விசாவுக்குச் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கும்போது, திரும்பி வருவதற்கு இங்கே நமக்குப் பற்று இருக்கிறது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். வீடும் நிலமும் ஓய்வூதியமும் அதற்குச் சாட்சியாக நிற்கும். எங்களுக்கு இந்த ஆறு மாத ஏற்பாடு தோட்டத்தின் காலச் சக்கரத்தோடு இயல்பாகவே பொருந்தியது. பங்குனி, சித்திரையில் பெய்யும் மழைக்குக் காப்பி பூத்து முடிந்ததும் புறப்பட்டால், கார்த்திகையில் பழம் பறிக்க ஆள் விடுவதற்குள் திரும்பிவிடலாம். அந்நாட்டின் கடுங்குளிரையும் தவிர்த்துவிடலாம்.

இனிக் காப்பீடு. அமெரிக்காவுக்குச் செல்லும் விருந்தினருக்கென விற்கப்படும் பாலிசிகள் இரு வகைப்படும். ஒரு வகை, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு டாலர் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கொடுப்பது. அதன் பிரீமியம் குறைவு, ஆனால் மருத்துவமனை கேட்கும் தொகைக்கும் பாலிசி கொடுக்கும் தொகைக்கும் இடையே உள்ள பெரும் பள்ளத்தைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும். மற்றொரு வகை, டிடக்டபிள் எனப்படும் ஆரம்பத் தொகையை நாம் செலுத்திய பிறகு, எஞ்சிய செலவில் பெரும் பகுதியை உச்சவரம்பு வரையில் ஏற்பது. என் மனைவிக்கு அங்கே சிறுநீர்த் தொற்று கண்டு, ஜுரம் ஏறி, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தபோது எங்களைத் தாங்கியது இந்த இரண்டாவது வகைப் பாலிசியே. நோய் புதிதாக வந்தது என்பதாலும், காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருந்த மருத்துவமனைக்கே போனோம் என்பதாலும் கிளெயிம் தடையின்றி முடிந்தது. ஆனால் அதே பாலிசி அவளுடைய சர்க்கரைக்கான வழக்கமான பரிசோதனைக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுக்காது என்பது அதன் ஷரத்துகளிலேயே எழுதப்பட்டிருந்தது.

பழைய நோய் பற்றிய அந்த ஷரத்துதான் முதியோர் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம். ஏற்கெனவே உள்ள நோய்கள் பொதுவாக விலக்கப்படும். சில பாலிசிகள் மட்டும் அந்நோய் முன்னறிவிப்பின்றித் திடீரென உக்கிரமடைந்தால் அவசர சிகிச்சையை ஏற்கும். அதிலும் 70 வயதுக்கு மேலும் 80 வயதுக்கு மேலும் உச்சவரம்பு சட்டெனக் குறைந்துவிடுவதுண்டு. எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், முன்பே இருதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், மகன் வீட்டில் நெஞ்சுவலி கண்டு சேர்க்கப்பட்டார். அங்கே 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இல்லை என்ற காரணத்தால் திருப்பி அனுப்பலாகாது என்று விதிக்கிறது. ஆகவே உயிர் காப்பாற்றப்பட்டது. சிகிச்சை மறுக்கப்படாது என்பது சட்டம். பில் வராது என்பது சட்டமன்று. பழைய நோய் என்று பாலிசி ஏற்காத அந்தக் கடனைத் தீர்க்க மகன் மருத்துவமனையோடு பேசித் தொகையைக் குறைத்து, தவணை பெற்றுப் பல காலம் செலுத்தினான்.

கிரீன் கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். 21 வயது நிறைந்த அமெரிக்கப் பிரஜை தன் பெற்றோருக்காக மனுச் செய்யலாம். இதற்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது. மகனிடம் கிரீன் கார்டு மட்டுமே இருந்தால் அவனால் பெற்றோரை அழைக்க முடியாது. இந்தியாவிலிருந்து செல்வோருக்கான நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. பெற்றோரைத் தாங்கும் வருமானம் தனக்கு உண்டு என்று மகன் சட்டப்படி உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவத் திட்டம் கார்டு கைக்கு வந்த மறுநாளே கிடைத்துவிடுவதில்லை. அங்கே உழைத்து வரி செலுத்தியிராத பெற்றோர், 65 வயது நிறைந்து, நிரந்தரவாசியாகத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்த பிறகே, மாதாமாதம் பணம் செலுத்தி அதில் சேரலாம். மகன் கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு, அரசாங்கம் நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் பாலிசி வாங்கலாம். பழைய நோயைக் காட்டி அங்கே மறுக்க முடியாது என்பது பெரிய ஆறுதல். நிரந்தரவாசியான 60 நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பிப்பது அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, கிரீன் கார்டு பெற்றவர் அங்கேயே வசிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் முன் அனுமதியின்றி வெளியே இருந்தால் அந்த உரிமை கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஆறு மாதத்தைத் தாண்டினாலே கேள்விகள் எழும். ஏற்காட்டில் வீட்டையும் தோட்டத்தையும் வைத்துக்கொண்டு இரு கரையிலும் வாழ விரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு இது உகந்ததன்று என்று நாங்கள் முடிவு செய்தோம். இங்கே பார்க்க ஒருவருமின்றித் தனித்துப்போன தாய்க்கோ தந்தைக்கோ அதுவே சிறந்த வழியாகவும் இருக்கலாம்.

கனடாவின் சூப்பர் விசா, என் அபிப்பிராயத்தில், காப்பீட்டை முதலில் வைத்துச் சிந்தித்து வகுக்கப்பட்ட ஏற்பாடு. 2011 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், 2022 ஜூலை முதல் ஒரே வரவில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். விசா பத்து ஆண்டுகள் வரை செல்லும். பிள்ளையோ பேரப்பிள்ளையோ அழைப்புக் கடிதம் தந்து, குறிப்பிட்ட அளவு வருமானம் காட்ட வேண்டும். பெற்றோர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு, குறைந்தது ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு வாங்கியிருக்க வேண்டும். விலை விசாரித்த தாள் போதாது. முழுத்தொகையோ முதல் தவணையோ செலுத்திய பாலிசியே காட்டப்பட வேண்டும். 2025 ஜனவரி முதல், கனடிய ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற அயல்நாட்டு நிறுவனங்களின் பாலிசியும் ஏற்கப்படுகிறது. இங்கே முதியோர் அறிய வேண்டிய சூட்சுமம், நோய் நிலையாக இருந்ததா என்னும் விதி. புறப்படுவதற்கு முன் குறிப்பிட்ட நாட்கள், பாலிசிக்கு ஏற்ப மூன்று மாதமோ ஆறு மாதமோ, பழைய நோய் ஒரே நிலையில் இருந்திருந்தால்தான் அதற்குக் காப்பு உண்டு. மாத்திரையின் அளவை மாற்றினால்கூட அந்நிலை கலைந்ததாகக் கொள்ளப்படும். ஆகையால் மருந்தைச் சீராக்கும் வேலையைப் பயணத்துக்கு வெகு முன்பே டாக்டரிடம் சென்று முடித்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் மாற்றம் அவசியமானால், ஆரோக்கியமே முக்கியம். மாற்றிக்கொண்டு, அதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும், கிளெயிம் இன்றி முன்னதாகத் திரும்பினாலும் பிரீமியத்தில் மீதி கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பெற்றோர் நிரந்தரமாகக் குடியேற, பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக வசிக்க வேண்டும் என்பது பொது விதி. விரைவான வழிக்கு ஒருவருக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டணம், கட்டணம் குறைந்த வழிக்குப் பல பத்தாண்டுக் காத்திருப்பு. 2019-இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசா மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அதற்கும் சொந்தக் காப்பீடு வேண்டும். பிரிட்டனோ 2012-இல் விதிகளை இறுக்கிவிட்டது. நெடுங்காலப் பராமரிப்பு அவசியம் என்றும், அது தாய்நாட்டில் எவ்வகையிலும் கிடைக்காது என்றும் நிரூபித்தால்தான் அங்கே நிரந்தர அனுமதி.

இவ்வளவும் சொன்ன பிறகு, மிக முக்கியமானது என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். எங்கே போனாலும் இந்தியக் காப்பீட்டைக் காலாவதியாக விடாதீர்கள். பிள்ளை வீட்டில் இருக்கும்போது இங்கே எதற்குப் பிரீமியம் என்று நிறுத்திவிட்டு, நெடுநோய் கண்டதும் தாய்நாட்டுக்குத் திரும்பி, புதிய பாலிசியின் காத்திருப்புக் காலத்தில் சிக்கிக்கொண்டவர்களை நான் அறிவேன். 2024 ஏப்ரல் முதல் நம் நாட்டு விதிகள் முதியோருக்கு அனுகூலமாக மாறியிருக்கின்றன: பாலிசி வாங்க 65 வயது என்ற மேல்வரம்பு நீங்கியது, பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைந்தது, ஐந்து ஆண்டுகள் இடையறாது செலுத்தியவரின் கிளெயிமை, மோசடி நிரூபணமானாலன்றி, தகவலை மறைத்தார் என்று சொல்லி மறுக்கலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29-இல் தொடங்கப்பட்டது. இந்த ஏற்பாடுகள் இந்திய மண்ணில் சிகிச்சை பெறுவதற்கே உரியவை. திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்திருப்பது அவற்றின் மதிப்பு.

பயண ஏற்பாடுகளில் சில சிறு விஷயங்கள் பெரும் பலன் தந்தன. மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை அவற்றின் அசல் அட்டையோடு, டாக்டரின் சீட்டோடு எடுத்துச் செல்வது, சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் ஜெனரிக் பெயரையும் எழுதி வாங்குவது, இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் பிரதியைக் கையிலும் பிள்ளையின் கைப்பேசியிலும் வைப்பது. பாலிசி எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுவது. மத்திய அரசு ஓய்வூதியம் பெறுகிறவர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைக் கைப்பேசியில் முகம் காட்டியே சமர்ப்பிக்கலாம். காப்பீட்டு விண்ணப்பத்தில் எந்த நோயையும் மறைக்காதீர்கள்; பிரீமியம் சற்று ஏறினாலும் உண்மை எழுதிய விண்ணப்பமே ஆபத்தில் துணை நிற்கும்.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன், பெற்றோரும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து சில வினாக்களுக்கு வெளிப்படையாக விடை கண்டுவிட வேண்டும். பாலிசிக்கு மேற்பட்ட செலவை யார் ஏற்பது? படுத்த படுக்கையானால் எந்த நாட்டில் பார்த்துக்கொள்வது? சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? மரணம் அங்கே நேர்ந்தால் அங்கேயே தகனமா, உடலைத் தாயகம் கொண்டு சேர்க்கும் செலவு பாலிசியில் அடங்கியிருக்கிறதா? இவற்றைப் பேசுவது அமங்கலம் என்று எண்ணிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நாங்கள் பேசினோம், எழுதியும் வைத்தோம். அன்று முதல் பிள்ளைகளின் அச்சமும் எங்கள் தயக்கமும் பெருமளவு நீங்கின. எந்த நாட்டுக்குப் போவது என்ற முடிவு வயதானவர்களின் சம்மதத்தில் தொடங்கட்டும், அவர்களுடைய நோய்க்கு எங்கே காப்பு உண்டு என்ற கணக்கில் உறுதிப்படட்டும். விசா விண்ணப்பத்தை அதன் பிறகு எழுதலாம்.