கன்று நடும் முன் மண்ணைப் பாருங்கள்

மரம் நடுவது நிலையான தர்மம் என்பதை நாம் அறிவோம். மழைக்காலம் தொடங்கினால் பள்ளிவாசல் வளாகத்திலும், மதரஸா ஓரத்திலும், கபர்ஸ்தானிலும் கன்று நடுகிறோம். சில இடங்களில் வேலி கட்டி, தண்ணீர் ஊற்றியும் கன்று தேறுவதில்லை. அதற்கு மண்ணில் கலந்துள்ள உலோகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எது தேவை, எது கேடு?

இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு ஆகியவை செடிக்கு மிகச் சிறிய அளவில் தேவை. அளவு மிஞ்சினால் இவையே நஞ்சாகும். காரீயமும் காட்மியமும் செடிக்குத் தேவையே இல்லை.

பாதிப்பு முதலில் வேரில்தான் தெரியும். வேர் நுனி நீளாமல் தடித்துக் கறுக்கும். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் குறையும். துத்தநாகமோ செம்போ மிகுந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடம் மஞ்சளாகும். வளர்ந்த மரத்தின் வேர் ஆழத்துக்குப் போய் நல்ல மண்ணைத் தேடும். கன்றின் வேரோ மேல்மண்ணில்தான் இருக்கிறது. நாம் கொட்டும் குப்பையும் அங்கேதான் இருக்கிறது.

ராணிப்பேட்டை தரும் பாடம்

ராணிப்பேட்டையில், தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது. மழையில் கரைந்து மஞ்சள் நீராக வழிந்து நிலத்தடி நீரிலும் கலந்தது. ஆலை மூடியும் மண் மீளவில்லை. குப்பை மக்கும், உலோகம் மக்காது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

வில்லியனூர், பாகூர் பகுதிகளில் கன்று நடும் முன் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பேட்டரி உடைத்த இடம், வயர் எரித்த இடம், பெயின்ட் கொட்டிய இடம் என்றால் எச்சரிக்கை தேவை.

இரண்டு தொட்டிகளில் ஒன்றில் அந்த மண்ணையும் மற்றொன்றில் நல்ல வயல் மண்ணையும் நிரப்பிப் பச்சைப்பயறு விதையுங்கள். பத்து நாள் கழித்துப் பிடுங்கி வேர்களை ஒப்பிடுங்கள். வேர் குட்டையாக இருந்தால் மண்ணில் ஏதோ குறை உண்டு. நன்றாக வளர்ந்தாலும் மண் சுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள். மண்வள அட்டையின் 12 அளவுகளில் துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு உண்டு. காரீயம், குரோமியம், காட்மியம் இல்லை. அவற்றுக்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

சந்தேகமுள்ள இடத்தில் பெரிய குழி எடுத்து, வேறு இடத்து நல்ல மண்ணும் மக்கிய தொழு உரமும் இட்டு வேம்பு, புங்கன் நடலாம். தொழு உரம் உலோகத்தை ஓரளவு பிடித்து வைக்கும். அங்கே கீரை, முருங்கை வேண்டாம். பிள்ளைகளை விளையாட விடவும் வேண்டாம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இந்த மழைக்கு நடும் கன்றுகளை நல்ல மண்ணில் நடுவோம். இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகள் அதன் நிழலில் அமர்வார்கள்.