சாத்தனார் காட்டும் அச்சச்சுவை

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் என்றார். மருட்கையாகிய வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினைக் கூறினார். ஆக்கமாவது, ஒன்று பிறிதொன்றாகத் திரிதல். எனினும், பேயைக் கொணர்ந்து நிறுத்திய அளவில் அச்சம் தோன்றிவிடாது. முதல் வரியிலேயே பேய் வந்து குதிக்கும் கதையைக் கேட்டுச் சிறுவரும் நகைப்பர். அச்சத்தை எங்ஙனம் விளைப்பது என்பதனை அறிய விழைவார், மணிமேகலையின் ஆறாம் காதையாகிய சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் பயில்க.

இரவுப் பொழுது. உவவனத்தின் புறத்தே உதயகுமரன் இருப்பான் என அஞ்சி, மணிமேகலையும் சுதமதியும் உள்ளே நிற்கின்றனர். மணிமேகலா தெய்வம் தோன்றி, மேற்றிசைச் சிறுவாயில் வழியே சக்கரவாளக் கோட்டம் புகுந்தால் துன்பம் நேராது என்கின்றது. சுதமதி திகைக்கின்றாள். அவ்விடத்தை ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்றன்றோ வழங்குவர்! புகலிடம் சுடலையாகத் திரிந்தது. பெயர்க் காரணத்தை அவள் வினவுகின்றாள், கதை தொடங்குகின்றது.

பேயை உடனே காட்டினாரல்லர் சாத்தனார். முதலில் மதிலும் நான்கு வாயில்களும் வருகின்றன. ஒரு வாயிலில் கொடி அசைகின்றது. ஒன்றில் நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் எழுதப்பெற்றுள்ளன. ஒன்றில் பாசமும் சூலமும் ஏந்திய கொடிய உரு நிற்கின்றது. எஞ்சிய ஒன்றோ, வெண்சுதை பூசி, உருவம் எதுவும் எழுதாது வெறிதே விடப்பெற்றது. சூலம் ஏந்திய உருவினும் இவ்வெற்று வாயிலே நெஞ்சை மிகுதியாகக் கலக்குகின்றது. உள்ளே என்ன உளதோ என்று எண்ணும் வேலையைப் புலவர் நம்மிடமே விட்டுவிட்டார்!

பின்னர்க் கொற்றவை கோட்டமும், தலைகள் தொங்கும் மரங்களும், பிணம் சுடுவோரும் புதைப்போரும் காட்சியளிக்கின்றனர். அடுத்து ஒலிகள் எழுகின்றன: அழுகுரல், நரியின் ஊளை, கூகையின் குரல். இவை கடலோசைபோல் ஓயாது நிற்கின்றன. கண்ணுக்கு முன்னே செவி அஞ்சத் தொடங்குகின்றது.

இந்நிலையில் சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனிவழியே வருகின்றான். செம்பஞ்சு ஊட்டிய ஒரு மகளின் அடி நரியின் வாயில் கிடக்கின்றது. கடகம் அணிந்த கை நாயின் வாயில் கிடக்கின்றது. அவ்வணிகளைக் கூறாது விட்டிருப்பின் அது பிணம் என்ற அளவில் நின்றிருக்கும். கூறியதனால், நேற்றுவரை வாழ்ந்த ஒருத்தியை நாம் காண்கின்றோம்.

அதன் பின்னரே பேய்மகள் தோன்றுகின்றாள். பெண்ணொருத்தியின் தலையைக் கையில் ஏந்தி மகிழ்கின்றாள். கூந்தலை மேகத்திற்கும், கண்ணைக் கயலுக்கும், பல்லை முத்திற்கும் ஒப்பிடுதல் காதற்கவிதையின் மரபு. அவ்வொப்புமைகளையே ஈண்டு அடுக்கி, அவ்வாறெல்லாம் எண்ணாது, இரங்காது, கண்ணைத் தோண்டி உண்டு ஆடினாள் என முடிக்கின்றார் புலவர். இன்பத்துக்குரிய மொழி நொடியில் கொடுமையாக மாறிவிடுகின்றது. இவ்விடத்திற்கு ஒப்பான அச்சம் தமிழில் அரிது.

சிறுவன் ஓடிச்சென்று, முதுபேய்க்குத் தன் உயிரைக் கொடுத்ததாகத் தாயிடம் கூறி வீழ்ந்து இறக்கின்றான். தாய் கோதமை நள்ளிரவில் மகனுடலைத் தழுவிக் கோட்ட வாயிலுக்குச் சென்று சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகின்றாள். கேட்போர் பேயைத் தெய்வம் ஒறுக்கும் என எதிர்பார்ப்பர். தெய்வமோ, அணங்கும் பேயும் உயிர் உண்ணா. அவனுடைய பேதைமை பற்றுக்கோடாக ஊழ்வினையே வந்து உண்டது என்கின்றது. இத்துணை நேரம் நம்மை நடுங்கச் செய்த பேய், கொலையாளி அன்று!

தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு கோதமை வேண்டியதும், அது இயலாதென்பதற்குச் சக்கரவாளத்துத் தேவரெல்லாம் சான்றாக வந்ததும், அந்நிகழ்ச்சியின் நினைவாக மயன் சமைத்த கோட்டத்திற்கு அப்பெயர் வந்ததும் எஞ்சிய கதை. கேட்டிருந்த சுதமதி துயில்கின்றாள். அவ்வேளையில் மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தழுவி எடுத்து, வான்வழியே தெற்கில் 30 யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் வைத்து அகல்கின்றது.