ஒரே நிரை, பல வருடம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைப் பல வருடங்களாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். தோட்டம் என்பது இப்போது பேருக்குத்தான். பாதிக்கு மேல் செம்பனை. லயங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. இப்படி ஒரே இடத்தை விடாமல் எடுக்க ஆசைப்படும் இளையவர்கள் ஈப்போவில் என்னைப் பார்த்தால் கேமராவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது, "வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று. மோட்டார் சைக்கிளில் அரை மணிக்குள் போக முடியாத இடத்துக்கு, வேலைக் களைப்போடு யாரும் வருடக்கணக்கில் போக மாட்டார்கள். எல்லோரும் எடுக்கும் கெல்லி கோட்டையை விட்டுவிடுங்கள். போனாலும், அருகில் இருக்கும் மாரியம்மன் கோயில் கூரையைப் பாருங்கள்: சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார்.

வெளிச்சத்துக்கு முன்னால் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் மரம் நன்றாகப் பால் விடும். அதனால் விடியும் முன்பே வெட்டு தொடங்கிவிடும். 'நல்ல வெளிச்சம்' பார்த்து எட்டு மணிக்குப் போய் நின்றால், மங்கில் பால் நிறைந்திருக்கும், வெட்டியவர் அடுத்த நிரைக்குப் போயிருப்பார். மரம் நனைந்திருந்தால் வெட்டே கிடையாது. அன்றைக்கு அடிமரத்தின் ஈரப்பட்டையை எடுக்கலாம். கத்தி வருடக்கணக்கில் இறங்கிய தழும்பெல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

நான் காத்திருப்பது இலையுதிர் காலத்துக்கு. எங்கள் பக்கம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் ரப்பர் இலை சிவந்து கொட்டும். மேலே வானம் திறக்கும். நிரை நிரையாக நிழல் நீளும். சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவந்த இலை வெளுத்துத் தெரியும், போடாவிட்டால் கறுத்துவிடும். எது உங்கள் தோட்டம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். துளிர் விட்டதும் இந்தக் காட்சி போய்விடும், பிறகு அடுத்த வருடம்தான்.

புகைப்படக் கலைஞர்களான பெக்கர் தம்பதியர் 1959 முதல் ஜெர்மனியின் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் மேகமூட்டத்தில், நிழலே விழாமல் எடுத்தார்கள். அந்தப் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த வெளிச்சம் ரப்பர் காட்டுக்கு ஒத்துவராது, நிரை தட்டையாகிவிடும். பிராகில் தன் ஸ்டூடியோ ஜன்னலையே 1940 முதல் 1954 வரை எடுத்த ஜோசப் சுடெக் எனக்கு நெருக்கமானவர். அதே கண்ணாடிதான். பனி, மழை, ஆவி என்று ஒவ்வொரு படத்திலும் வேறாக இருக்கும்.

செம்பனையைத் திட்டிக்கொண்டே படமெடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பரும் வெளியிலிருந்து வந்ததுதான். கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். வந்தவர்களைப் பற்றி நாம் குறை சொல்லலாமா? ரப்பர் மரத்துக்கு இருபத்தைந்து, முப்பது வருடம்தான் பயனுள்ள ஆயுள். அதை வெட்டிச் சாய்த்த பிறகும் அதே இடத்தில் முக்காலியை ஊன்றுங்கள். செம்பனைக்குள் வெளிச்சம் நிரையாக வராது, துண்டு துண்டாக விழும். பழைய மட்டைக் காம்புகளில் பெரணி முளைத்திருக்கும். அது வேறு படம், ஆனால் அதே கதை.

தோட்டத்தின் கதையைப் படித்துவிட்டுப் போக வேண்டும். துரைமார் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் அன்றைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இது தெரியாதவருக்குக் காலி லயம் வெறும் இடிந்த சுவர்.

எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே பால் வெட்டிய பாட்டி ஒருவர் என் மரப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, மரத்தையே புடிச்சிக்கிட்டு இருக்க? ஆயா கொட்டகைய எடுத்தியா? எம் புள்ளைங்க அங்கதான் வளந்துச்சுங்க" என்றார். எந்தப் புத்தகத்திலும் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்காது. புதர் மண்டிய அந்தச் சிமெண்டுத் தரை இப்போது என் வரிசையில் முக்கியமான படம்.

கடைசியாகச் சாமான் விஷயம். கேமராவை ஏர்கான் காரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். இறங்குவதற்கு வெகுமுன்பே ஏர்கானை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஈரம் நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் நிற்கும் உலர்பெட்டி ஒன்று வாங்குங்கள், புது லென்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெகடிவ் உறைமேல் தேதி, மணி, நிரை மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். மை ஈரத்தில் ஊறிவிடும்.